ஆளறிதலும் அமர்வும்: கணினிக் காவல் பற்றிய சொல்லும் பொருளும்

கணினிவழி இயங்கும் மென்பொருள்களில் ஒருவர் தம்மை இன்னார் என அறிவித்து உட்புகுதலும், புகுந்த பின்னர் அவர் செய்வன யாவும் அவர்தம் செயல்களாகவே கொள்ளப்படுதலும் இன்று அன்றாட நிகழ்ச்சிகள் ஆகிவிட்டன. மாணாக்கர் தேர்வுக் கட்டணம் செலுத்துவதும், ஆசிரியர் மதிப்பெண் பதிவதும், ஆய்வாளர் ஓலைச்சுவடிப் படிமங்களைக் காண்பதும் இவ்வழியாகவே நடைபெறுகின்றன. எனினும் இவ்வாயிலின் அகத்தே நிகழ்வது யாது என்பது தமிழ் பயில்வோரிடையே போதிய அளவு விளக்கம் பெறவில்லை. முதுகலை முடித்த நம் மாணாக்கர் சிலர் மென்பொருள்களைத் தமிழாக்கும் பணியை மேற்கொள்கின்றனர். அவர்கள் பொருளை உணராது சொல்லை ஆள்வராயின், அச்சொல்லைப் படித்துச் செயற்படுவோர் இடர்ப்படுவர். ஆதலின் பொருளை முதற்கண் விளக்கிப் பின்னர்ச் சொல்லை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்குழப்பத்திற்கு ஒரு சான்று காட்டுதல் போதும். உட்புக வரும் ஒருவர் தாம் கூறும் ஆள்தாமோ என உறுதி செய்தல் ஒரு செயல். அவ்வாறு உறுதி பெற்றவர் இன்னின்ன செய்யலாம் என உரிமை வரையறுத்தல் மற்றொரு செயல். இவ்விரண்டையும் 'அங்கீகாரம்' என்னும் ஒரே சொல்லாற் குறிக்கும் வழக்கினை இன்றைய மென்பொருள்களிற் காணலாம். விடுதியின் வாயிற்காவலர் மாணவனை அடையாளம் கண்டுகொள்ளுதல் வேறு; அவன் சமையற் கூடத்தின் களஞ்சிய அறையைத் திறக்கலாமா என்பது வேறு. முன்னதற்கு 'ஆளறிதல்' என்பதும், பின்னதற்கு 'இசைவு' என்பதும் பொருந்தும் என்பது எம் கருத்து. 'மெய்ப்பித்தல்' என்பதன் அடியாக 'மெய்ப்பாடு' என முன்னதைச் சுட்டலாமே எனச் சிலர் வினவக்கூடும். அச்சொல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் ஓர் இயலுக்கே பெயராய் அமைந்து, வேறு பொருளில் நிலைபெற்றுவிட்டமையின் அதனைத் தொடாது விடுதலே நன்று.

ஆளறியும் முறை கணினியில் எப்பொழுது தோன்றிற்று? ஒரு கணினியை ஒருவரே ஒரு நேரத்தில் ஆண்ட காலத்தில் அதற்குத் தேவை எழவில்லை. 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோவும் அவர்தம் குழுவினரும், பலர் ஒரே காலத்தில் ஒரு பெருங்கணினியைப் பங்கிட்டு ஆளும் அமைப்பொன்றினை இயக்கிக் காட்டினர். சி.டி.எஸ்.எஸ். என்பது அதன் பெயர். பலர் கோப்புகளும் ஓரிடத்தே இருந்தமையின், ஒருவர் கோப்பினைப் பிறர் காணாவண்ணம் அவரவர்க்கு ஒரு கடவுச்சொல் வழங்கப்பட்டது. அக்கடவுச்சொற்கள் யாவும் ஒரு கோப்பில் உள்ளவாறே எழுதி வைக்கப்பட்டிருந்தன. 1962இல் ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமையால், அக்கோப்பினை அச்சிட்டுத் தருமாறு கணினிக்கே துளையட்டை வாயிலாகக் கட்டளை விடுத்தார்; கணினியும் தயங்காது அச்சிட்டுத் தந்தது! 1966இல் நிகழ்ந்தது இன்னும் வியப்பிற்குரியது. உட்புகுவோர்க்கு அன்றைய அறிவிப்பினைக் காட்டும் கோப்பும் கடவுச்சொற் கோப்பும் தவறுதலாக இடம் மாறிவிட, அன்று உட்புகுந்தோர் அனைவர்க்கும் எல்லோருடைய கடவுச்சொற்களும் அறிவிப்பாக வந்து நின்றன.

இதனின்றும் பெற்ற பாடம், கடவுச்சொல்லைக் காவலனும் அறிந்திருத்தல் ஆகாது என்பதாகும். 1979இல் ராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் வெளியிட்ட கட்டுரை இதனைத் தெளிவாக்கிற்று. கடவுச்சொல்லை 'ஹாஷ்' எனப்படும் ஒருவழிக் கணக்கிற்கு உட்படுத்தி, வரும் விடையை மட்டும் சேமித்தல் வேண்டும். விடையினின்று சொல்லை மீட்டல் இயலாது. உட்புக வருவோர் சொல்லைக் கூறும்போது மீண்டும் அக்கணக்கைச் செய்து, விடைகள் ஒத்தனவா என நோக்கினாற் போதும். ஒரே சொல்லைக் கொண்ட இருவர்க்கு ஒரே விடை வருமாயின் திருடன் ஒருவரைக் கண்டு இருவரையும் அறிவான். ஆகவே ஒவ்வொருவர் சொல்லுடனும் வெவ்வேறு சிறு எண்ணைச் சேர்த்துக் கணக்கிடுவர். இதற்கு அவர்கள் இட்ட பெயர் 'உப்பு'. அன்று அது 12 இருமவிலக்கம் உடையதாய், 4,096 வகைகளுக்கு இடந்தந்தது. கணினியின் விரைவு பெருகப் பெருக இக்கணக்கினை வேண்டுமென்றே கடினமாக்க நேர்ந்தது. 1999இல் பீகிரிப்ட் என்பதும், 2015இல் இதற்கென நிகழ்ந்த போட்டியில் வென்ற ஆர்கான்2 என்பதும் அவ்வாறு எழுந்தவையே.

ஆள் யார் என்பதற்குப் பெயர் மட்டும் போதாது என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. தமிழரிடையே குடும்பப் பெயர் வழக்கின்மையின், ஒரே தலைப்பெழுத்தும் ஒரே பெயரும் உடையார் பலர் ஒரு வகுப்பிலேயே இருத்தல் நாம் அறிந்ததே. மின்னஞ்சல் முகவரியும் நிலையுடையதன்று. 2013இல் யாகூ நிறுவனம் நெடுநாள் ஆளப்படாத முகவரிகளைப் புதியவர்க்கு வழங்கியபோது, பழையவர்க்குரிய மடல்கள் புதியவர் கைக்குச் சென்றதாகச் செய்திகள் வெளிவந்தன. ஆகவே தேர்ந்த மென்பொருள்களில் ஒவ்வொருவர்க்கும் பொருளற்ற ஓர் எண் உள்ளுக்குள் வழங்கப்படும். பெயரும் முகவரியும் மாறலாம், அவ்வெண் மாறாது, ஒருவர் நீங்கிய பின்னும் பிறர்க்குத் தரப்படாது.

இனி அமர்வு பற்றிக் காண்போம். இதுவே இக்கட்டுரையின் நடுப்பொருள். ஆளறிதலினும் நுட்பமானதும் இதுவே.

உலக வலைத்தளத்தின் அடிப்படை நெறியாகிய எச்.டி.டி.பி. நினைவில்லாத ஒன்று. உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும். வழங்கி அதனைத் தரும். அத்துடன் இருவர்க்கும் உறவு முடிந்தது. அடுத்த நொடியில் அதே உலாவி மற்றொரு பக்கத்தைக் கேட்குமாயின், வழங்கிக்கு அது முன்பின் அறியாத புதியவர் வருகையே. டிம் பெர்னர்ஸ்-லீ ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனத்தில் இதனை அமைத்தபோது, ஆய்வு அறிக்கைகளைப் படிக்கத் தருதலே நோக்கமாதலின், படிப்பவர் யார் என நினைவு கொள்ளும் தேவை எழவில்லை. வணிகம் வந்து புகுந்தபோதுதான் குறை தெரிந்தது. கூடையில் ஒரு பொருளை இட்டு அடுத்த பக்கத்திற்குச் சென்றால் கூடை மறைந்துவிடும் கடையில் யார் வாங்குவர்?

1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தைச் சார்ந்த லூ மாண்டுல்லி இதற்கு வழி கண்டார். வழங்கி தன் விடையுடன் ஒரு சிறு குறிப்பினை உலாவிக்குத் தரும். உலாவி அதனைப் பாதுகாத்து, அதே வழங்கிக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் உடன் கொண்டுபோய்க் காட்டும். அக்குறிப்பிற்குக் 'குக்கி' என்று பெயர். யூனிக்ஸ் வல்லுநர் வழக்கில் 'மாயக் குக்கி' என ஒரு சொல் இருந்தது. நிரல்கள் தம்முள் கைமாற்றிக் கொள்ளும், பெறுபவர் பிரித்தறிய வேண்டாத குறிப்பினை அது சுட்டும். அதுவே இங்கு வந்தது. தின்பண்டத்திற்கும் இதற்கும் தொடர்பு தேடி இடர்ப்படுதல் வேண்டா. இதனை 'மாச்சில்லு' என்றோ 'அப்பம்' என்றோ மொழிபெயர்த்தலும் வேண்டா.

வங்கிகளில் பணம் பெறுவோர்க்கு எண் பொறித்த பித்தளை டோக்கன் வழங்கிய முறையினை மூத்தோர் அறிவர். எழுத்தர் காசோலையைப் பெற்றுக் கையொப்பத்தை ஒப்பிடுவதற்கு அனுப்பிவிட்டு டோக்கனைத் தருவார். காசாளர் எண்ணைக் கூவும்போது டோக்கனை நீட்டியவர்க்குப் பணம் கிடைக்கும். காசாளர் முகத்தை நோக்குவதில்லை. வலைத்தள அமர்வும் இத்தகையதே. கடவுச்சொல்லைக் கேட்டு ஆளறிதல் ஒருமுறையே நிகழ்கின்றது. அதன்பின் வழங்கி ஓர் அமர்வெண்ணை உருவாக்கி, அவ்வெண்ணுக்கு உரியவர் இன்னார், அமர்வு தொடங்கிய நேரம் இது, இறுதியாகச் செயற்பட்ட நேரம் இது எனத் தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, எண்ணை மட்டும் குக்கியாக உலாவிக்குத் தருகின்றது. அமர்வு நீடிக்கும் வரை அவ்வெண்ணே ஆளாகின்றது. எண்ணைக் கைப்பற்றியவன் கடவுச்சொல்லை அறியாமலே அவராக ஆகிவிடுகின்றான். கடவுச்சொற் காவலில் எத்துணை நுட்பம் இருப்பினும், அமர்வெண் காவல் தளர்ந்தவிடத்து அந்நுட்பத்தாற் பயனில்லை.

அவ்வெண் ஊகித்தற்கு அரியதாய் இருத்தல் முதல் தேவை. 1, 2, 3 என வரிசையாக வழங்கினால் 57 பெற்றவன் 58ஐத் தானே எழுதிக்கொள்வான். இத்துறையில் ஓவாஸ்ப் என்னும் அமைப்பின் வழிகாட்டுதல், குறைந்தது 64 இருமவிலக்கத் தற்செயன்மை வேண்டும் என்கின்றது. சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களிலும் நெல்லை இரட்டித்து வைக்குமாறு வேண்டிய கதையினை நாம் அறிவோம். அவ்வாறு குவியும் நெல்மணிகளின் தொகையினும் ஒன்று மிகையாக இவ்வெண்ணின் வகைகள் உள்ளன. ஆயின் எண்ணின் நீளம் மட்டும் காவலாகாது. அது மெய்யாகவே தற்செயலாகப் பிறந்திருத்தல் வேண்டும். நேரத்தையோ பயனர் பெயரையோ கலந்து ஆக்கிய நீண்ட எண், நீளத்தால் அஞ்சத்தக்கதாகத் தோன்றினும் ஊகித்தற்கு எளியதே.

அமர்வெண் களவுபோகும் வழிகள் பல. 2010ஆம் ஆண்டு வரை பெருந்தளங்கள் பலவும் கடவுச்சொல் கேட்கும் பக்கத்தை மட்டும் மறையாக்கம் செய்து, ஏனைய பக்கங்களைத் திறந்த நிலையில் விட்டிருந்தன. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் எரிக் பட்லர் என்பார் 'ஃபயர்ஷீப்' என்னும் சிறு மென்பொருளை வெளியிட்டார். பொது இடத்துக் கம்பியில்லா வலையமைப்பில் ஒருவர் இதனை இயக்கினால், அருகிருப்போர் அமர்வெண்கள் பெயரும் படமுமாக வரிசையில் தோன்றும். ஒன்றைத் தொட்டால் அவராகவே உட்புகலாம். களவினைக் கற்பித்தல் அவர் நோக்கமன்று. நெடுநாள் அறிந்தும் திருத்தாது விட்ட குறையினைக் கண்கூடாக்குதலே நோக்கம். அடுத்த சில ஆண்டுகளில் பெருந்தளங்கள் எல்லாப் பக்கங்களையும் மறையாக்கத்தினுள் கொணர்ந்தன. குக்கியின்மேல் எழுதப்படும் மூன்று கட்டுப்பாடுகள் இன்று பெருவழக்காய் உள்ளன: மறையாக்கம் இல்லாத வழியில் இதனை அனுப்பாதே என்பது 'செக்யூர்', பக்கத்துள் இயங்கும் நிரல்கள் இதனைப் படிக்கலாகாது என்பது 'எச்.டி.டி.பி.ஒன்லி'; பிற தளத்தினின்று தூண்டப்பட்ட வேண்டுகோளுடன் இதனைச் சேர்க்காதே என்பது 'சேம்சைட்'.

வேறொரு களவு சற்றே விந்தையானது. இதில் திருடன் எண்ணைக் கவர்வதில்லை; தருகின்றான். அவன் முதலில் தளத்திற்குச் சென்று ஓர் அமர்வெண்ணைப் பெறுவான்; அவ்வெண் பொதிந்த இணைப்பினை மற்றொருவர்க்கு அனுப்புவான். அவர் அதன்வழிச் சென்று தம் கடவுச்சொல்லை இட்டு உட்புகுவார். வழங்கியோ அதே எண்ணுக்கு நேரே அவர் பெயரை எழுதிக்கொள்ளும். எண்ணை முன்னரே அறிந்த திருடன் இப்போது தடையின்றிப் புகுவான். 2002இல் மித்யா கோல்ஷெக் இதனை விளக்கி எழுதினார். தீர்வு மிக எளிது: ஆளறிதல் நிகழ்ந்த அந்நொடியே பழைய எண்ணை அழித்துப் புதிய எண் வழங்குதல் வேண்டும். இவ்வளவு எளிய தீர்வு இன்றும் சில மென்பொருள்களில் விடுபடுதல், நூலறிவு தொழிலிடத்தைச் சென்றடையாமையைக் காட்டுகின்றது.

2018ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பேஸ்புக் அறிவித்த நிகழ்ச்சி, இலக்கணம் பயின்றோர்க்குத் தனிச்சுவை பயப்பது. அத்தளத்தில் 'மற்றொருவர் காணுமாறு தம் பக்கத்தைக் காணல்' என ஒரு வசதி இருந்தது. நம்பி என்பவர், நங்கை என்பார் கண்ணுக்குத் தம் பக்கம் எவ்வாறு தோன்றும் என இதனாற் பார்க்கலாம். அப்பக்கத்தில் தவறாகத் தோன்றிய காணொளிப் பதிவேற்றுக் கருவி ஓர் அணுகு டோக்கனை உருவாக்கிற்று. வேண்டப்படாத இடத்தில் உருவாக்கியது ஒரு பிழை. அதனை நம்பியின் பெயரால் உருவாக்காது நங்கையின் பெயரால் உருவாக்கியது பெரும்பிழை. காண்பவர் யார், எவர் கண்ணாற் காண்கின்றார் என்னும் வேற்றுமையை நிரல் மறந்துவிட்டது. வினைமுதல் இங்கே மாறிவிட்டது எனலாம். மூன்று பிழைகள் ஒருங்கு கூடியமையால் ஏறத்தாழ 3 கோடிப் பேருடைய டோக்கன்கள் களவு போயின. அந்நிறுவனம் முன்னெச்சரிக்கையாக ஏறத்தாழ 9 கோடிப் பேரின் அமர்வுகளை முடித்து, அவர்களை மீண்டும் உட்புகச் செய்தது.

காவல் மென்பொருளே களவுக்கு வாயிலாகும் நிலையும் உண்டு. ஆளறிதலையே தொழிலாகக் கொண்ட ஆக்டா நிறுவனத்தில் 2023 செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 17 வரை அத்தகைய நிகழ்ச்சி நேர்ந்தது. வாடிக்கையாளர் தம் இடர்ப்பாட்டினைக் காட்டுதற்கு, உலாவிக்கும் வழங்கிக்கும் இடையே நிகழ்ந்த பரிமாற்றம் முழுவதையும் பதிந்த கோப்பினை உதவிப் பிரிவுக்கு அனுப்புவது வழக்கம். அப்பதிவில் உயிருள்ள அமர்வு டோக்கன்களும் அடங்கும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. உதவிப் பிரிவில் ஊடுருவியவர் 134 வாடிக்கையாளர்க்குரிய கோப்புகளை அணுகினர். அவற்றின் டோக்கன்களைக் கொண்டு ஐவருடைய அமர்வுகளைக் கைப்பற்றினர். கடவுச்சொல்லோ கைப்பேசிக்கு வரும் இரண்டாம் சான்றோ அவர்கட்கு வேண்டியிராது. ஆளறிதல் முன்னரே முடிந்துவிட்டதன்றோ! அமர்வெண்ணைப் பதிவுக் கோப்புகளில் உள்ளவாறே எழுதலாகாது என்னும் விதிக்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

மென்பொருள்களின் காவலைச் சோதிக்கும் கருவிகளிலும் இச்சிக்கல் உண்டு. 2010இல் சைமன் பென்னெட்ஸ் வெளியிட்ட 'ஸாப்' என்பது அவற்றுள் பலரும் ஆள்வது. அது தானே ஒரு தளத்தின் பக்கங்கள் தோறும் சென்று குறைகளைத் தேடும். உட்புகுந்தோர்க்கே உரிய பக்கங்களைச் சோதிக்க அதற்கும் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தருதல் வேண்டும். இடையில் நிகழ்வது நகைப்பிற்குரியது: எல்லா இணைப்புகளையும் தொடும் அக்கருவி, 'வெளியேறு' என்னும் இணைப்பையும் தொட்டுவிடும்! அமர்வு முடிந்ததை அறியாது, எஞ்சிய பக்கங்களை வாயிலுக்கு வெளியே நின்று தட்டிவிட்டு, 'குறை ஒன்றுமில்லை' என அறிக்கை தரும். சோதித்தோர் அறிக்கையை நம்பி மகிழ்வர். ஆதலின் வெளியேறும் இணைப்பினை விலக்குதலும், உட்புகுந்தார்க்கு மட்டும் தோன்றும் ஒரு சொற்றொடரை அறிகுறியாகக் கொடுத்து, அது காணாதபோது மீண்டும் உட்புகுமாறு பணித்தலும் வேண்டும். தமிழ்ப் பக்கத்தைச் சோதிக்கும்போது அச்சொற்றொடரைத் தமிழிலேயே தருதல் வேண்டும் என்பதும் மறக்கப்படுவதுண்டு.

இக்கருவியில் 'செஷன்' என்னும் ஒரு சொல் இரு பொருள்பட வழங்குகின்றது. தளத்துடன் கொள்ளும் அமர்வு ஒன்று. சோதனைப் பணி முழுவதையும் சேமித்து வைக்கும் கோப்பு மற்றொன்று. ஆங்கிலம் அறிந்தோரும் இதில் மயங்குதல் உண்டு. இரண்டையும் 'அமர்வு' எனவே தமிழாக்கின் அம்மயக்கம் நம் மொழியிலும் குடிபுகும். முன்னதை 'அமர்வு' எனவும் பின்னதைப் 'பணிக்கோப்பு' எனவும் பிரித்தல் தகும். மூலமொழியின் குறையைப் பேணிக் காத்தல் மொழிபெயர்ப்பாளர் கடமையன்று. இரண்டாவதில் கடவுச்சொற்களும் அமர்வெண்களும் உள்ளவாறே அடங்கியிருத்தலின், 'கோப்பு' என்னும் சொல்லைக் கண்டவுடன் பூட்டி வைக்கத்தக்க பொருள் இது என்னும் எண்ணமும் எழும்.

'அமர்வு' என்னும் சொல்லாட்சி நன்கே அமைந்துள்ளது. நீதிமன்றத்திலும் மாநாட்டிலும் ஏற்கெனவே வழங்குவது. தொடக்கமும் முடிவும் உடைமையை உணர்த்துவது. 'அமர்' என்பதற்குப் போர் என்னும் பொருளும் உண்மையின், இத்துறைக்கு அதுவும் முற்றிலும் பொருந்தாததன்று! ஆனால் முடிவு எப்போது என்பதில் வேறுபாடுகள் உள. அமெரிக்க அரசின் தர நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, இடைநிலைக் காவல் வேண்டும் இடங்களில் 30 நிமிடம் செயலின்றி இருந்தாலோ, செயல் இருப்பினும் 12 மணி நேரம் கழிந்தாலோ மீண்டும் ஆளறிதல் வேண்டும் என்றது. 2025இல் வெளிவந்த நான்காம் பதிப்பு இவ்வெல்லைகளைத் தளர்த்தியது. விரைந்து முடியும் அமர்வு காவலுக்கு நன்று. எனினும் இணையத்தில் நீண்ட படிவத்தை எழுதிக்கொண்டிருக்கும் முதியவர், இடையே எழுந்து சென்று மீளும்போது எழுதியன யாவும் அழிந்திருக்கக் காண்பாராயின், அது காவலாகாது, துன்பமேயாகும். எழுதியதைத் தனியே காத்து, அமர்வை மட்டும் முடித்தல் இயலாத செயலன்று.

'வெளியேறு' என்னும் சொல் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். இச்சொல் ஆளின் செயலைக் குறிக்கின்றது. உலாவியை மூடிவிட்டாலே வெளியேறியதாகப் பலர் கருதுதற்கும் இடந்தருகின்றது. நிகழ வேண்டுவதோ வழங்கியின் பதிவேட்டில் அமர்வெண் அழிதல். சில மென்பொருள்கள் பொத்தானைத் தொட்டவுடன் உலாவியிலுள்ள குக்கியை மட்டும் நீக்கிவிட்டுப் பதிவேட்டைத் தொடாது விடுகின்றன. முன்னரே படியெடுத்தவன் கையில் அவ்வெண் அப்போதும் செல்லும். 2015இல் வரையறுக்கப்பெற்ற ஜே.டபிள்யூ.டி. வகை டோக்கன்களில் இச்சிக்கல் இன்னும் ஆழமானது. அவற்றில் ஆளின் விவரமும் காலாவதி நேரமும் டோக்கனுள்ளேயே எழுதப்பட்டு ஒப்பமிடப்படுதலின் வழங்கிக்குப் பதிவேடே வேண்டுவதில்லை. பதிவேடு இன்மையின் அழித்தற்கும் ஒன்றுமில்லை. குறித்த நேரம் வரும்வரை டோக்கன் செல்லுபடியாகும். அதனால் அதன் ஆயுளைச் சில நிமிடங்களாகக் குறுக்கி, புதுப்பிக்கும் உரிமையை வேறொரு பதிவேட்டில் வைத்துக் காக்கின்றனர். இத்தகைய மென்பொருள்களைத் தமிழாக்குவோர், மெய்யாகவே பதிவேட்டில் அமர்வு அழியுமிடத்துப் பொத்தானில் 'அமர்வை முடி' என எழுதுக. அழியாதவிடத்து அவ்வாறு எழுதற்க. நிரல் எழுதியோரிடம் காரணத்தை வினவுக.